கல்யாணப் பத்திரிகைக்கு லைசென்ஸ் கேட்டவன்

எழுத்துக்குப் பூட்டுப் போட்டவர்கள் மேல் இருந்த கோபத்தில்தான் நான் அந்தக் கம்ப்யூட்டர் நிரலை எழுதத் தொடங்கினேன். உயர்ந்த நோக்கம் எதுவும் கிடையாது.

ராமநாதபுரத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எனக்கு ஒரு டி.டி.பி. கடை. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, புதுமனை புகுவிழா, கண்ணீர் அஞ்சலி. இவைதான் தொழில். இரண்டாயிரத்தைத் தாண்டிய முதல் சில வருஷங்கள் அவை. ஒவ்வொரு கம்பெனிக்காரனும் தமிழுக்கு ஓர் எழுத்துரு விற்றான். ஒருவனுடைய எழுத்துருவில் அடித்ததை இன்னொருவனுடையதில் திறந்தால் தாளில் பூச்சி ஊர்ந்த மாதிரி இருக்கும். அக்காவுக்கு அடித்த பத்திரிகையை எடுத்து, பெயரை மட்டும் மாற்றித் தங்கை கல்யாணத்துக்குக் கொடு என்று அபிராமத்திலிருந்து வந்து நிற்பார்கள். அந்தப் பழைய எழுத்துரு புதுக் கம்ப்யூட்டரில் ஏறாது. முழுவதையும் மறுபடி அடிக்க வேண்டும். தாய்மாமன்கள் பெயரே ஒரு பக்கம் வரும். ஒரு மாமன் பெயர் விட்டுப்போனால் கல்யாணத்துக்கு முன்னால் என் கடையில்தான் சண்டை நடக்கும்.

எல்லா மொழிக்கும் பொதுவாக யூனிகோடு என்ற முறை வந்தபோது, பழைய கோப்புகளை அதற்கு மாற்றுகிற ஒரு நிரலை எழுதினேன். எந்த எழுத்துருவில் எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று அட்டவணை வேண்டும். கம்பெனிக்காரன் தரமாட்டான். எழுத்துருவைத் தாளில் அச்சடித்து, ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்து, பக்கத்தில் பென்சிலால் எண் போட்டு நானே தயார் செய்தேன். கண் எரியும். இதில் என்ன கிடைக்கிறது என்று வீட்டில் கேட்டார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், அடுத்தவனுக்குக் கொடுக்கலாம் என்று எழுதிவைத்தேன். பூட்டுப் போட்டவன் வயிறு எரியட்டும் என்றுதான்.

அந்த நிரலுக்குள் என்னோடு இன்னொருவர் வந்து சேர்ந்தது ஒரு நோட்டீஸால். தங்கச்சிமடத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்திக்கொண்டிருந்த பெண், சென்டருக்கு நோட்டீஸ் அடிக்க என் கடைக்கு வந்தாள். அவளுடைய அப்பா விசைப்படகு ஓட்டுகிறவர். ராமநாதபுரத்தில் காலேஜ் படித்துவிட்டு, நல்ல வேலைக்கு எழுதிப் போட்டுக்கொண்டிருந்தாள். என் திரையை எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"என்னண்ணே, கொம்பெல்லாம் தனியா நிக்கிது?"

பழைய எழுத்துருக்களில் 'கெ' என்று அடிக்க முதலில் கொம்பு, அப்புறம் க. யூனிகோடில் முதலில் க, அப்புறம் கொம்பு. என் நிரல் அந்த வரிசையைத் திருப்பத் தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தது.

"தெரியும். பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றேன்.

"எம்புட்டு நாளாப் பாக்குறீங்க?"

நீயே பார் என்று ஒரு ஃபிளாப்பியில் நிரலைப் போட்டுக் கொடுத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து, பாம்பன் பாலம் தாண்டி பஸ்ஸில் வந்து திருப்பிக் கொடுத்தாள். கொம்புகள் எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. கொம்பும் துணைக்காலும் சேர்ந்து வருகிற எழுத்துகளைக்கூட விடவில்லை. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்தாள். நான் அட்டவணை போடுவேன், அவள் வரிசை திருப்புவாள். மலேசியாவிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் ஆட்கள் எங்கள் நிரலை எடுத்துக்கொண்டு குறை சொல்லி எழுதினார்கள். குறை சொல்லி எழுதினால் பயன்படுத்துகிறார்கள் என்று அர்த்தம்.

இரண்டு இடி ஒரே மாதத்தில் விழுந்தன. ஒன்று, நாங்கள் கோப்புகளைப் போட்டுவைத்திருந்த இலவச இணையதளத்தை அதன் சொந்தக்காரர்கள் மூடினார்கள். இரண்டாவது, அவளுடைய சென்டரில் ஞாயிற்றுக்கிழமையும் வகுப்பு வைத்துவிட்டார்கள்.

"இனிமே வர முடியாதுண்ணே" என்று எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினாள். "இங்கனருந்தே செய்யிற மாதிரி ஒரு எடம் பாருங்க. இல்லைன்னா நான் இதோட நின்னுக்கிற வேண்டியதுதான்."

"நின்னுக்கிட்டா எப்படி?"

"அதத்தான் நானும் சொல்றேன். வேலைக்கு எழுதிப் போடுறப்ப, இந்தா பாருங்க, இது என் பேர்ல இருக்கு, நான் செஞ்சதுன்னு காட்ட எனக்கு இது ஒண்ணுதான் இருக்கு. மத்ததெல்லாம் மார்க் சீட்டு. அது எல்லாருகிட்டயும் இருக்கு."

ஆகவே இடம் பார்க்கும் வேலை தொடங்கியது. எங்களைப் போன்ற சின்ன நிரல்களுக்கு இடம் கொடுக்கும் தளங்கள் அப்போதே பல இருந்தன. நிரலை வைக்கலாம், குறைகளைக் கேட்கலாம், இரண்டு மூன்று பேர் சேர்ந்து திருத்தலாம். எது நல்லது என்று ஒரு மின்மடல் குழுவில் கேட்டேன். அதற்குச் சென்னையிலும் வெளிநாட்டிலும் இருந்து ஆளுக்கொரு பதில். அந்த வசதி, இந்த வசதி என்று பக்கம் பக்கமாக எழுதினார்கள். தங்கச்சிமடத்தில் சர்ச்சுக்கு எதிரே உள்ள பிரௌசிங் சென்டரில் அது திறக்குமா என்று ஒருவனும் சொல்லவில்லை. அது அவர்களுக்கு எப்படித் தெரியும்? நானே போய்ப் பார்ப்பது என்று ஒரு மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு பஸ் ஏறினேன். அவளையும் அங்கே வரச் சொல்லியிருந்தேன்.

பிரௌசிங் சென்டரை நடத்தியவர் புதுமடத்து பாய். துபாயிலிருந்து திரும்பி வந்து போட்ட கடை. நாலு கம்ப்யூட்டர், ஒரு மோடம். பிரௌசர் ஒன்றைத் தவிர வேறெதையும் தொட விடமாட்டார். ஃபிளாப்பியை அவர் கையில் கொடுத்தால், வைரஸ் பார்த்துவிட்டு அவரே போட்டுக் கொடுப்பார். கோப்பு ஏற்றுவதற்கென்று பெரிய தளங்கள் சொல்லுகிற கட்டளைவழிக் கருவிகள் எதையும் அங்கே ஏற்ற முடியாது.

"பாய், ஒரேயொரு சாப்ட்வேர் ஏத்திக்கிறேன்" என்று கேட்டுப் பார்த்தேன்.

"தம்பி, போன மாசம் ஒருத்தன் இப்படித்தான் ஒண்ணே ஒண்ணுன்னான். மூணு மிசின் படுத்துருச்சு. அல்லா மேல சத்தியமா, ஒங்க அத்தா வந்து கேட்டாலும் ஏத்த மாட்டேன்."

"எங்க அய்யா அபிராமத்துல வயல்ல நிக்கிறாரு. அவரு எதுக்கு இங்கன வாராரு?"

"அப்ப நீங்களும் கேக்காதீங்க."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு முதல் தளத்தின் முகவரியை அடித்தாள். அதுதான் எல்லாரும் சொன்ன பெரிய தளம். திரை வெள்ளையாகவே இருந்தது. அவள் கண்ணை மூடி உதடுகளை அசைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்ற?"

"அருள் நிறைந்த மரியே சொல்றேன். ஜெபமாலையில ஒரு பத்து மணி உருட்டுறதுக்குள்ள பக்கம் வந்தா இங்கன ஒக்காந்து வேல செய்யலாம். அதுக்கு மேல போனா பாய்க்குக் குடுக்குற காசும் போகும், லைனும் போகும். நான் எப்பவும் இப்படித்தான் பாப்பேன்."

பக்கத்தின் மேலே ஒரு விளம்பரம் மெதுவாக வந்தது. கார் விளம்பரம். பிறகு ஓரத்தில் இன்னொன்று.

"ஜெபமாலை முழுசும் முடிஞ்சிரும்ணே, இது வராது. மாதாவுக்கே அலுத்துப் போச்சு."

இரண்டாவது தளமும் அப்படியே. மூன்றாவது, தன்னார்வலர்கள் நடத்துகிற ஒரு தளம். பார்க்க ரேஷன் கார்டு மாதிரி இருந்தது. படம் கிடையாது, வண்ணம் கிடையாது, கோடும் எழுத்தும்தான். அவள் கண்ணை மூடிய கையோடு நான் தோளில் தட்டினேன்.

"வந்துருச்சு."

"அதுக்குள்ளயா? நான் இன்னும் ஆமென் சொல்லலையே."

அங்கே இன்னொரு வசதியும் இருந்தது. எந்த வரியை எடுத்தோம், எந்த வரியைச் சேர்த்தோம் என்று காட்டுகிற சின்னக் கோப்புக்குப் பேட்ச் என்று பெயர். அந்தத் தளத்தில் பேட்சை பிரௌசர் வழியாகவே ஏற்றலாம். ஏற்றியவர் பெயர் அதோடு சேர்ந்து நிற்கும். அவளுடைய சென்டரில் இணையம் இல்லாத கம்ப்யூட்டரில் வேலை செய்து, ஃபிளாப்பியில் போட்டு, தெருவைத் தாண்டி வந்து பாய் கையில் கொடுத்தால் போதும். இதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை. பாய்க்குக் காசு கொடுத்துவிட்டு, அவளுடைய வீட்டில் நண்டுக் குழம்பு சாப்பிட்டுவிட்டு ஊர் திரும்பினேன். ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் பஸ் கண்டக்டரோடு சண்டை போடாமல் வந்தேன்.

ஆனால் அந்தத் தளத்தில் ஒரு வழக்கம். விண்ணப்பித்தவுடன் இடம் கிடைக்காது. ஓர் ஆள் உட்கார்ந்து நம்முடைய கோப்புகளை எல்லாம் திறந்து பார்த்து, எல்லாம் உரிமையோடு கொடுக்கப்பட்டவைதானா என்று உறுதி செய்த பிறகே இடம் தருவார்கள். சரி, பார்த்துக்கொள்ளட்டும் என்று எல்லாவற்றையும் அனுப்பினேன்.

சில நாள் கழித்து அந்த ஆளிடமிருந்து மடல் வந்தது. எந்த நாட்டுக்காரன் என்று தெரியாது. ஆங்கிலத்தில், பல்லைக் கடித்துக்கொண்டு பேசுகிற மாதிரி இருந்தது. இந்த அட்டவணைகள் எங்கிருந்து எடுக்கப்பட்டவை? சோதனை என்ற கோப்பு அடைவில் உள்ள உரைகளை எழுதியது யார்? அவற்றை எந்த உரிமத்தின் கீழ் வெளியிட்டிருக்கிறார்கள்?

முதல் கேள்வியிலேயே எனக்கு ரத்தம் ஏறிவிட்டது. கண் எரிய எரிய உட்கார்ந்து பென்சிலால் எண் போட்டவனைப் பார்த்து, எங்கே திருடினாய் என்று கேட்கிற மாதிரி இருந்தது. இரண்டாவது கேள்வியில் சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை. நிரல் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கச் சில உரைகள் வேண்டும். நான் கடையில் அடித்த கல்யாணப் பத்திரிகைகளைத்தான் அந்த அடைவில் போட்டுவைத்திருந்தேன். வேறெதைப் போடுவேன்? டி.டி.பி. கடைக்காரனிடம் இருப்பது அதுதான். அதற்கு அவன் லைசென்ஸ் கேட்கிறான்.

அன்றைக்கே பதில் எழுதினேன். மாப்பிள்ளை பரமக்குடியில் தறி போட்டிருக்கிறார், வேண்டுமானால் நேரில் போய்க் கேட்டுக்கொள். பெண்ணின் தாய்மாமன் கையெழுத்து மட்டும் போதுமா, சித்தப்பாவும் போட வேண்டுமா?

மறுநாள் பதில் வந்தது. அந்த மனிதனுக்குக் கிண்டல் என்பதே தெரியவில்லை. உரையை எழுதியதில் பங்கு உள்ளவர்கள் அனைவருடைய ஒப்புதலும் வேண்டும், சித்தப்பாவும் அதில் சேர்ந்தால் அவருடையதும் என்று எழுதியிருந்தான்.

அடுத்து நான் எழுதியதை இங்கே அச்சில் போட முடியாது. பதில் தெளிவாக வரும்வரை விண்ணப்பத்தை நிறுத்திவைப்பதாக ஒரு வரி வந்தது. அதோடு முடிந்தது.

அந்தச் சூட்டில் மடல் குழுவில் கொட்டித் தீர்த்தேன். வெளிநாட்டில் வேலை பார்க்கும் ஒரு தமிழர் உடனே எழுதினார். "அவர்களிடம் ஏன் கெஞ்சுகிறீர்கள்? என் சொந்த சர்வரில் இடம் தருகிறேன். கேள்வி எதுவும் கிடையாது." நல்ல மனிதர். அவர் தரும் இடத்தில் கோப்பு ஏற்றக் கட்டளைவழிக் கருவி வேண்டும். என் கடையில் அது இருந்தது. நான் சரி என்று எழுதிவிட்டேன்.

அந்த வாரம் காற்று பலமாக இருந்தது. கடலுக்குப் போக யாருக்கும் அனுமதி இல்லை. படகெல்லாம் கரையில் கிடக்க, மீன் காசு இல்லாத ஊரில் சென்டருக்கும் ஆள் வரவில்லை. வார நாளிலேயே அவள் கடைக்கு வந்துவிட்டாள். வரும்போதே சிரித்துக்கொண்டு வந்தாள்.

"என்னண்ணே, எடம் குடுத்துட்டாகளா?"

"அந்த எடம் வேணாம். வேற எடம் பாத்தாச்சு." நடந்ததைச் சொன்னேன். சித்தப்பா கதையைச் சொன்னபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டுக் கேட்டாள்:

"புது எடத்துல பாய் கடையிலருந்து ஏத்தலாமா?"

"அது முடியாது. நீ எனக்கு மெயில்ல அனுப்பு. நான் ஏத்திக்கிறேன்."

"ஒங்க பேர்லயா?"

"யாரு பேர்ல இருந்தா என்ன? கோப்பு போய்ச் சேந்தாச் சரி."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சிரிப்புப் போய்விட்டது.

"எங்கப்பா பிடிச்சுட்டு வந்த மீன ஒங்க கூடையில கொட்டிட்டு, யாரு பிடிச்சா என்னன்னு கேப்பீங்களா? தங்கச்சிமடத்துக்கு வந்தீங்க, நண்டுக் குழம்பும் சாப்ட்டீங்க. எனக்குத்தான எடம் தேடுனோம்? அப்ப நான் எங்கன போறது?"

நான் விடவில்லை. "திருடுனியான்னு கேக்குறான். பொறுத்துக்கிட்டு இருக்கச் சொல்றியா?"

"அவன் எங்க அப்படிக் கேட்டான்? எங்கருந்து வந்துச்சுன்னு கேட்டான். அண்ணே, எங்கப்பா ஒவ்வொரு தடவ கடலுக்குப் போறப்பவும் மீன்துறை ஆபீஸ்ல டோக்கன் வாங்கணும். போட்டு நம்பர் என்ன, எத்தன பேரு போறீக, யாரு யாருன்னு கேப்பாக. நேத்து கேட்டதையே இன்னைக்கும் கேப்பாக. என்னையவா கேக்குறன்னு அவரு ஒருநாளும் மல்லுக்கு நின்னதில்ல. சொல்லுவாரு, வாங்குவாரு, போயிருவாரு. ஒங்களுக்கு வயல்ல எறங்க எவன்கிட்டயும் டோக்கன் வாங்கிப் பழக்கமில்ல. அதான் கேள்வி கேட்டவுடன மூக்கு செவக்குது."

"கேட்ட விதம் சரியில்ல."

"டோக்கன் குடுக்குறவன் தாலாட்டுப் பாடிக்கிட்டா குடுப்பான்?"

கடைக்கு லேமினேஷன் போட வந்திருந்த ஒரு பெரியவர் இதைக் கேட்டுச் சத்தமாகச் சிரித்துவிட்டார். அவரை முறைத்தேன். அவர் இன்னும் சிரித்தார்.

"சரி, என்ன செய்யணுங்கிற?"

"பென்சில்ல எண் போட்ட தாளெல்லாம் வச்சிருக்கீங்கள்ல? எடுங்க. ஸ்கேன் பண்ணி அனுப்புவோம். பத்திரிகையத் தூக்கிருவோம். அடுத்தவுக வீட்டுக் கல்யாணத்த அவுகள கேக்காம ஒலகம் பூரா காட்டுனா, அவுகளுக்குத் தெரிஞ்சா ஒங்கள விடுவாகளா?"

அதை நான் யோசிக்கவே இல்லை. அந்தச் சித்தப்பாவை எனக்குத் தெரியும். விட்டிருக்க மாட்டார்.

"அப்ப சோதனைக்கு எத வைக்கிறது?"

"நாமளே ஒரு கல்யாணம் பண்ணி வைப்போம்."

கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு அடிக்கத் தொடங்கினாள். மாப்பிள்ளை சீலா மீன். பெண் சூடை மீன். இடம், பாம்பன் பாலத்துக்குக் கீழே. தாய்மாமன்மார் என்று போட்டு திருக்கை, பாறை, நகரை, கணவாய் என்று ஒரு பட்டாளம். நானும் சும்மா இருக்கவில்லை. கொக்கியும் கொம்பும் போதாது என்று பௌர்ணமி இரவு, சௌபாக்கியவதி, ஸ்ரீ, க்ஷ எல்லாவற்றையும் உள்ளே நுழைத்தேன். மொய் வாங்கும் பொறுப்பு ஆக்டோபஸுக்கு, எட்டுக் கை இருக்கிறதே என்றேன். கடைசியில் தங்கள் நல்வரவை விரும்பும் என்பதற்குக் கீழே அவள் "கோவக்கார நண்டு" என்று அடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். இருக்கட்டும் என்றேன். லேமினேஷன் பெரியவர் போகாமல் நின்று, சூடைக்கும் சீலாவுக்கும் ஒத்துவராது, பெரியது சின்னதைத் தின்றுவிடும் என்று கவலைப்பட்டார். "எல்லாக் கல்யாணமும் அப்படித்தான் தாத்தா" என்றாள்.

அந்தப் பத்திரிகையை ஒவ்வொரு பழைய எழுத்துருவிலும் அடித்துப் புது அடைவில் போட்டோம். பதில் மடலை அவளே எழுதினாள். மரியாதையாக, சின்னச் சின்ன வாக்கியங்களில், ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பதில். உரையை எழுதியவர்கள் யார் என்ற இடத்தில் எங்கள் இருவர் பெயரும். முந்தைய மடல்களுக்கு வருந்துகிறோம் என்று ஒரு வரி சேர்த்தாள். அந்த வரியை எடுக்கச் சொன்னேன். "நான் வருந்தலை" என்றேன். "நான் வருந்துறேன்" என்று திருத்தி, அதையே அனுப்பினாள். வெளிநாட்டுத் தமிழருக்கும் நன்றி சொல்லி, வேண்டாம் என்று எழுத வைத்தாள். அதை நான் எழுதினேன். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை.

இடம் கிடைத்துவிட்டது. போதும், ஏற்றுக்கொள்கிறோம் என்று அந்த ஆள் எழுதினான். என் பென்சில் எண்களைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை இல்லை. இன்றைக்கும் சொல்கிறேன், அவன் கேட்ட விதம் சரியில்லை. கேட்டது சரி.

காற்று தணிந்து படகுகள் கடலுக்குப் போயின. சென்டரில் வகுப்பும் தொடங்கியது. அவள் ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. ஒரு வாரம் ஒன்றும் இல்லை. பாய் ஏதாவது தகராறு செய்கிறாரா, போன் போடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கடையில் அன்றைக்கு ஒருவர் என்னோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். பழைய காதுகுத்துப் பத்திரிகையைப் புது எழுத்துக்கு மாற்றிக் கொடுத்திருந்தேன். கடைசி வரியைக் காணோம், சுற்றமும் நட்பும் எங்கே என்றார். நீங்கள் கொடுத்த கோப்பிலேயே அது இருந்திருக்காது என்று நானும் குரலை உயர்த்தினேன். அவர் தலையிலடித்துக்கொண்டு, சாயங்காலம் வாரேன் என்று போனார்.

அப்போதுதான் மடல் வந்தது. தளத்தில் ஒரு பேட்ச் ஏறியிருக்கிறது என்று தானாக வருகிற மடல். திறந்தேன். அவளுடைய முழுப் பெயர் இருந்தது. கீழே, தமிழை ஆங்கில எழுத்தில் அடித்த குறிப்பு: "அண்ணே, கோப்போட கடைசியில என்டர் தட்டலைன்னா கடைசி வரிய முழுங்கிருது. இது நான் எழுதுன எடம் இல்ல, நீங்க எழுதுன எடம். சூடை கல்யாணத்துல கோவக்கார நண்டையே காணோம். அப்பத்தான் பாத்தேன்."

என் பகுதியில் கை வைக்க யார் சொன்னது என்று கடையில் யாரும் இல்லாதபோதே கத்தினேன். பிறகு அவள் மாற்றிய வரிகளைப் படித்தேன். மறுபடியும் படித்தேன். சரியாகத்தான் இருந்தது. நான் வருஷக்கணக்காகப் பார்த்தும் கண்ணில் படாத ஓட்டை. பேட்சைச் சேர்த்து, நிரலை ஓட்டி, காதுகுத்துப் பத்திரிகையை மாற்றினேன். சுற்றமும் நட்பும் வந்துவிட்டது.

தளத்தின் பக்கத்தைப் புதுப்பித்துப் பார்த்தேன். திருத்தம் செய்தவர் என்ற இடத்தில் அவள் பெயர். தவறு யாருடையது என்று அவள் எழுதிய குறிப்பும் அதன் கீழேயே நின்றது. உலகத்தில் எவன் வேண்டுமானாலும் படிக்கலாம். அந்த வரியை மட்டும் எடுத்துவிடச் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். சொல்லவில்லை. எழுந்து போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன். நன்றாக இருந்தது.